பழைய துவக்குத் தோட்டாவும் கறுப்பு மருந்தும்

பழைய வீடுகளை உடைக்கும்போது, பெட்டகத்தின் அடியிலோ முகட்டிலோ சில வேளை துவக்குத் தோட்டாக்கள் அகப்படுவதுண்டு. வட்டைக் காவலுக்குத் துவக்கு வைத்திருந்த மூத்தவாப்பாமாரின் மிச்சம் அவை. பிள்ளைகள் கையில் எடுத்து "இது என்ன?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இன்றைய தோட்டாவின் கூடு பிளாஸ்டிக். 1960க்கு முன்பு பெரும்பாலும் மெழுகேற்றிய தடித்த கடதாசி, அடியில் பித்தளை. அதில் 12 என்று இருந்தால் அது குழலின் அளவு. அக்குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல்.

உள்ளே இருக்கும் மருந்தின் கதை இன்னும் பழையது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்ததுதான் கறுப்பு மருந்து. 1044ஆம் ஆண்டின் சீனப் போர்நூலிலேயே அதன் செய்முறை உண்டு. 1248இல் டமஸ்கஸில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னு அல்-பைதார், வெடியுப்பைச் 'சீனப் பனி' என்று குறிப்பிட்டார். அதே நூற்றாண்டில் சிரியாவின் ஹஸன் அல்-ரம்மாஹ், அதை மரச்சாம்பலால் சுத்திகரிக்கும் முறையை எழுதிவைத்தார். சுத்தமில்லாத உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மருந்தைக் கெடுத்துவிடும். அந்தக் குறையைத் தீர்த்தது வெறும் அடுப்புச் சாம்பல்!

நமது நாட்டிலும் அதே சாம்பல்தான். கண்டி இராச்சியத்தில் வௌவால் குகைகளிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள். இங்கு இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் அந்த வேலையை விவரித்திருக்கிறார். குகைப் பாறையைச் செதுக்கி, இடித்து, மரச்சாம்பலுடன் கலந்து, நீரில் கரைத்துக் காய்ச்சினார்கள். நக்கிள்ஸ் மலையில் ஒரு குகைக்கு இன்றும் 'நைட்டர் கேவ்' என்றுதான் பெயர்.

1884இல் பிரான்சின் போல் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பின், கறுப்பு மருந்து மெல்ல மெல்ல ஒதுங்கியது. ஒதுங்கியதே தவிர, சாகவில்லை. ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழிந்தும் அது எரியும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டு ஒன்று 2008இல் வர்ஜீனியாவில் வெடித்து, அதைச் சுத்தம் செய்த சேகரிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். போர் முடிந்தது 1865இல்!

ஆகவே, பழைய தோட்டா கண்ணில் பட்டால் திறக்க வேண்டாம், தட்ட வேண்டாம், வெயிலில் காயவைக்க வேண்டாம், குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிஸுக்கு அறிவிப்போம். மூத்தவாப்பாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். தோட்டாவைக் கையில் கொடுக்காமல்.