ஜெருசலேம் கடிதங்கள்

மோசடிக் குறுஞ்செய்தியை அலைபேசியோடு பிறந்த தீமையாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். அதன் குலமுறையைத் தேடிச் சென்றாலோ பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சிறைவாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

குற்றவாளியாக இருந்து பின்னர் துப்பறிவாளரான விதோக், 1828இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக்குறிப்புகளில், பாரிஸ் அருகேயுள்ள பிசேத்ர் சிறையின் கைதிகள் எழுதிய 'ஜெருசலேம் கடிதங்க'ளைப் பற்றி விவரிக்கிறார். எழுதுபவர் தம்மை ஒரு பிரபுவின் பணியாளர் என்பார். புரட்சிக்கு அஞ்சி எஜமானருடன் தப்பியோடுகையில் பொன்னும் வைரமும் நிறைந்த பேழையை வழியில் போட்டுவிட்டு ஓட நேர்ந்தது; மீட்கத் திரும்பியபோது சிறைப்பட்டுவிட்டேன்; சிறிது பணம் அனுப்பினால் இடத்தைக் காட்டுகிறேன். இதுவே கதை. நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்கிறார் விதோக். அஞ்சல்தலை வராத அக்காலத்தில் கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். ஆக, மீனே தூண்டிலுக்கும் விலை கொடுத்தது.

இக்கதை 'ஸ்பானியக் கைதி' என்னும் பெயரில் கடல் கடந்தது. 1898இல் நியூயார்க் டைம்ஸ் இதைப் பழமையான மோசடிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. பின்னர் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு இதன் மின்னஞ்சல் வடிவத்துக்குப் பெயரானது. நம்பவியலாத அக்கதைகளை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் இதற்கு விடை கண்டார்: ஐயுறுவோர் முதலிலேயே விலகிவிடுவர், பதில் எழுதுவோரிடம் மட்டும் உழைத்தால் போதும்.

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், 'இன்றிரவு உங்கள் மின்இணைப்பு துண்டிக்கப்படும்' என்ற செய்தி இந்தியாவெங்கும் பரவியது. இங்கே பேழை இல்லை, வைரம் இல்லை. ஜெருசலேம் கடிதம் பேராசையைத் தேடியது. இச்செய்தி, கட்டணத்தைத் தவறாமல் கட்டிப் பழகியவரின் அச்சத்தைத் தேடுகிறது. ஏமாந்தவரைப் 'பேராசைக்காரர்' என்று ஏளனம் செய்யும் நம் பழக்கம் இங்கே அநீதியாகிவிடுகிறது. அந்த ஏளனத்துக்கு அஞ்சியே பலர் வாய்திறப்பதில்லை. மோசடிக்காரருக்கு அதைவிட நல்ல துணை வேறென்ன?

ஆகவே சிலவற்றை நினைவில் கொள்வோம். அவசரப்படுத்தும் செய்தியை ஐயுறுவோம். அதில் உள்ள எண்ணை அழைக்காமல், இணைப்பைத் தொடாமல், பழைய ரசீதில் அச்சிட்ட எண்ணிலேயே விசாரிப்போம். திட்டுவதற்காகக்கூடப் பதில் அனுப்ப வேண்டாம். ஹெர்லி சொன்ன சல்லடையில் தங்கும் மணி அந்தப் பதில்தான். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுமுன் முடக்கினால்தான் மீளும். அதற்கு முதலில் வீட்டில் ஒருவரிடமாவது கூசாமல் சொல்ல முடிய வேண்டும். அந்தச் சூழலை ஏற்படுத்துவது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.