தஞ்சாவூர்க் கேமராவும் தரமணி வகுப்பும்

தமிழ்நாட்டின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்த கேமரா காவிரிக் கரைச் சீமையிலிருந்து போனது. தஞ்சாவூரில் மூப்பனார் என்ற நிலக்கிழாரிடம் இருந்த வில்லியம்சன் 35 மி.மீ. கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார் அந்தப் படத்தை எடுத்த நடராஜ முதலியார். மோட்டார் உதிரிபாக வியாபாரியான அவர் படம்பிடிக்கக் கற்றது புனேயில். கர்சன் பிரபுவைப் பற்றிப் படமெடுக்க வந்திருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர்தான் ஆசான்.

கேமராவின் கைப்பிடியைச் சீராகச் சுழற்ற வேண்டும். கை வேகம் கூடினாலும் குறைந்தாலும் திரையில் ஆட்களின் நடை மாறிப்போகும். இதை யாரும் எழுதிப் படிக்க முடியாது, சுழற்றித்தான் பழக வேண்டும். 1910களின் பிற்பகுதியில் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் அரங்கம் போட்ட முதலியார், மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். படச்சுருளைக் கழுவ பெங்களூரின் குளிர்ச்சியை நம்பினார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஆனால் ஒளியைத் துணியால் பதப்படுத்தும் அந்த வேலையை ஒளிப்பதிவாளர்கள் இன்றும் செய்கிறார்கள்.

பிறகு ஸ்டுடியோக்களின் காலம். ஜெமினியில் உதவியாளராகத் தொடங்கிய ஏ. வின்சென்ட் 1954இல் ‘நீலக்குயில்’ படத்தின் ஒளிப்பதிவாளரானார். ஸ்டாண்டைத் தூக்குவது, இருட்டுப் பைக்குள் கையை விட்டு மேகசினில் பிலிம் ஏற்றுவது, நடிகர் நிற்கும் தூரத்தை டேப் பிடித்து அளப்பது என்று உதவியாளர் வாழ்க்கை ஓடும். பிலிம் விலையுயர்ந்த பொருள் என்பதால் கேமராவை ஓட்டும் வாய்ப்பு லேசில் கிடைக்காது. அருமையான பள்ளிதான், ஆனால் உள்ளே நுழைய யாரையாவது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறந்துவிட்டது அரசு. 1945இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் பாடமாயின. ‘அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்’ என்று ஊர் அழைத்த, இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கும் நிறுவனத்தின் வேர் அது. புனேயில் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி வந்ததே 1960இல்தான்.

பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் எல்லாம் அடையாறில் படித்தவர்கள். ஆனாலும் கோடம்பாக்கம் நெடுநாள் இவர்களை ‘படிச்ச பசங்க’ என்று ஒதுக்கியே பார்த்தது. 1986இல் அந்தப் பார்வை மாறியது. ஆபாவாணன் தயாரிக்க, ஆர். அரவிந்தராஜ் இயக்க, ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்ய, அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சினிமாஸ்கோப்பில் கொண்டுவந்த ‘ஊமை விழிகள்’ பெரும் வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டு வந்த ‘நாயகன்’ ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது.

கடலுக்கு அக்கரையில், மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர். ‘கோகிலா’, ‘மூன்றாம் பிறை’ இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார். சாளரத்து வெளிச்சத்தையே பெரிதும் நம்பியவர், தாம் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க 2007இல் சென்னையில் ‘சினிமா பட்டறை’ தொடங்கினார்.

இன்று ஒளிப்பதிவு கற்க விரும்பும், காரைக்கால் பக்கத்துக் கடலோரப் பட்டினச்சேரி இளைஞனுக்குத் தரமணி ஏறத்தாழ 300 கி.மீ. தூரம். கையிலிருக்கும் போனே படம் பிடிக்கிறது என்பதால் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாம் என்றாகிவிடாது. விடியலில் படகு கரையேறும்போது எதிர்வெயிலில் முகங்கள் கறுத்துப்போகும். அந்த முகங்களுக்கு ஒரு வெள்ளை அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிவிடச் சொல்லித்தர, தேர்ந்த ஒளிப்பதிவாளர் ஒருவர் ஒரு வாரமாவது இந்தக் கரைக்கு வர வேண்டும். காரைக்கால் கல்லூரிகள் முனைந்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.