கழுகும் ஜடாயுவும்

வீரம் என்பது வெற்றியில் உள்ளதா, போராட்டத்தில் உள்ளதா? இவ்வினாவிற்கு விடை கூறும் ஓவியங்கள் இரண்டை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

கிரேக்க புராணத்தில் புரொமீதியஸ் என்பான் விண்ணவரின் நெருப்பைக் கவர்ந்து மாந்தர்க்கு ஈந்தான். சினமுற்ற சியூஸ் அவனைப் பாறையில் பிணித்தான். நாள்தோறும் கழுகொன்று அவன் ஈரலைக் கொத்தித் தின்றது. அது மீண்டும் மீண்டும் வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஆன்ட்வெர்ப் நகரத்து ஓவியர் ரூபன்ஸ் இக்காட்சியைத் தீட்டினார். கழுகை வரைந்தவர் ஸ்னைடர்ஸ். தலைகீழாய்ச் சரிந்த உடல், முறுக்கேறிய தசைகள், மேலே விரிந்த சிறகுகள்! போராட்டத்தின் உச்சக் கணத்தை ஒளியாலும் இருளாலும் கண்முன் நிறுத்துவதே 'பரோக்' எனப்படும் அக்கால ஓவிய மரபாகும்.

நம் நாட்டில் புராண வீரத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் புகழ் பெற்றவர் கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848–1906). திருவனந்தபுரம் அரண்மனையில் ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைக் கண்டே அவர் பல நுட்பங்களை அறிந்தார். அவர் தீட்டிய 'ஜடாயு வதம்' உச்சக் கணத்தையே காட்டுகின்றது. இராவணன் வாளோங்கி நிற்கின்றான். பறவையின் சிறகு அறுந்து வீழ்கின்றது. சீதை காணப் பொறாது முகத்தை மூடிக்கொள்கின்றாள். அங்கே பறவை கொடுமையின் கருவி. இங்கே பறவையே வீரன்!

ரூபன்ஸின் ஓவியங்கள் அரசரும் செல்வரும் போற்றியவை. ரவிவர்மாவோ 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். 1899இல் அது மலவலிக்கு மாறிற்று. புனே மார்க்கத்தில் செல்வோர் லோணாவளாவை அடுத்து அச்சிறு நிலையத்தைக் காணலாம். அங்கு அச்சான வண்ணப் படங்கள் நாடெங்கும் பரவின.

இதன் பயன் சிறிதன்று. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939இல்; திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல். கோயிற் கதவுகள் மூடியிருந்த அந்நாளிலும் அச்சுப் படத்திற்குச் சாதி இல்லை. காசு கொடுத்தோர் எவரும் வாங்கித் தம் வீட்டுச் சுவரில் மாட்டலாம். தெய்வத்தைக் கண்ணாரக் காணலாம்.

புரொமீதியஸைப் பின்னாளில் ஹெராக்ளிஸ் விடுவித்தான். ஜடாயு மீளவில்லை. ஆயினும், இராமன் வரும்வரை உயிரைத் தாங்கி, சீதை சென்ற செய்தியைக் கூறியே மாண்டான். அவனுக்கு இராமன் மகன்போல் ஈமக்கடன் செய்த இடமென்று புள்ளிருக்குவேளூரைத் தமிழர் இன்றும் போற்றுகின்றனர். தோற்றவனுக்கு இத்துணைச் சிறப்பு!

நம் பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டும் பெற்றோர், இராவணனின் வாளோடு நில்லாது, வீழ்ந்த பறவை சொல்லிய செய்தியையும் எடுத்துரைப்பார்களாக.