1911: கல்கத்தா தலைநகர் தகுதியை இழந்த ஆண்டு

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இரண்டு அறிவிப்புகளை ஒன்றாக வெளியிட்டார்: 1905-இல் வைஸ்ராய் கர்சன் செய்த வங்கப் பிரிவினை ரத்து; தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றம். முதலாவதை வங்காளிகளின் வெற்றியாகவும் இரண்டாவதைத் தோல்வியாகவும் தனித்தனியே எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே முடிவின் இரு பாதிகள் என்பதே பொருத்தம். வைஸ்ராய் ஹார்டிஞ்சு அரசு ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்கு அனுப்பிய கடிதமே இரண்டையும் பிணைத்துத்தான் முன்வைத்தது. பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்துக்குப் பணிந்த அரசு, அந்த இயக்கம் கொதித்த நகரிலிருந்தே விலகிக்கொண்டது. தில்லியின் நடுவமைவும் முகலாயப் பெருமையும்தானே காரணம் என்று கேட்கலாம். அவை அதற்கு முன்பும் இருந்தவைதான். அப்போதெல்லாம் யாரும் அசையவில்லை.

அந்த ஆண்டு கல்கத்தா சோர்ந்தும் கிடக்கவில்லை. ஜூலை 29 அன்று நகரின் மோகன் பகான் கால்பந்துக் கழகம் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது, ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். டிசம்பர் 27 அன்று காங்கிரஸ் மாநாட்டில் தாகூரின் ‘ஜன கண மன’ முதன்முறை ஒலித்தது. கல்கத்தாவின் சரிவுக்கு 1911-ஐயே காரணமாக்குவோர் உண்டு. ஆனால் ஹூக்ளிக்கரைச் சணல் ஆலைகளும் துறைமுகமும் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் செழித்தன. சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதியை அவற்றிடமிருந்து பிரித்தது 1947-இன் நாட்டுப் பிரிவினை.