ஆக்ரிக்குப் போன அம்பாசிடர்

போன மாதம் என் பழைய கேம்ரியைக் கழித்துக் கட்டினேன். ஒரு போன்தான் செய்தேன். மறுநாள் டோ டிரக் வந்தது. டிரைவர் 350 டாலரைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். இழுவைக் கூலி அவர்கள் பாடு. நான் செய்தது இரண்டே காரியம்: டைட்டிலில் கையெழுத்துப் போட்டேன், வண்டி கைமாறிவிட்டது, இனி என் பொறுப்பில்லை என்று கலிபோர்னியா டி.எம்.வி.க்கு அன்றிரவே ஆன்லைனில் தெரிவித்தேன். 5 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

அப்போதுதான் விழிஞ்ஞத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற அம்பாசிடர் நினைவுக்கு வந்தது.

அப்பா வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து விழிஞ்ஞம் போனவர். அம்பாசிடர் பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் இந்திய வடிவம். 1950களின் கடைசியிலிருந்து கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைச் செய்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை நம் ஊரில் கார் என்றால் அம்பாசிடர், இல்லையென்றால் பியட். 2014 மே மாதத்தோடு உத்தர்பாரா உற்பத்தி நின்றது. எங்கள் வண்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது. விழிஞ்ஞத்து உப்புக் காற்று முதலில் கதவின் அடியைத் தின்றது, பிறகு தரையை. கால் வைத்தால் ரோடு தெரியும்.

2003இல் அப்பா அதை ஆக்ரிக்குப் போட்டார். நாம் காயலாங்கடை என்பதைத் திருவனந்தபுரம் பக்கம் ஆக்ரி என்பார்கள். கேரளத்தில் வீடு வீடாக ஆக்ரி எடுத்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். வந்தவரும் நம்மூர்க்காரர்தான். "அண்ணாச்சி, லாரிச் செலவு நம்மளது" என்றார். அப்பா பேரம் பேசவில்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி கயிற்றில் கட்டி இழுபட்டுப் போனதை அம்மா திண்ணையில் நின்று பார்த்தாளாம்.

இந்தத் தொழிலில் எதுவும் வீணாவதில்லை. சென்னை புதுப்பேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். டைனமோ ஒரு கடை, கதவு ஒரு கடை, மிச்சத் தகடு உருக்காலைக்கு. சுற்றுச்சூழல் என்று யாரும் பேசாத காலத்திலேயே மறுசுழற்சி செய்தவர்கள். ஆனால் அந்த வியாபாரத்தில் காகிதம் கிடையாது. எடை, காசு, அவ்வளவுதான்.

அமெரிக்காவும் எப்போதும் ஒழுங்காக இருந்ததில்லை. நெடுஞ்சாலை ஓரத்துக் காயலாங்கடைகளைக் கண்ணில் படாமல் மறைக்க 1965இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2009இல் பழைய காரைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் என்று அரசே அறிவித்தது. சுமார் 6 லட்சத்து 77 ஆயிரம் வண்டிகள் வந்தன. அவை மறுபடி ரோட்டுக்கு வரக்கூடாது என்று எஞ்சினுக்குள் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி ஓட்டி இறுக வைத்தார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவைப் பாருங்கள். வண்டி இனி ஓடாது என்றால் 14 நாளுக்குள், அல்லது முடிந்தவரை சீக்கிரம், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். செய்தவர்கள் எத்தனை பேர்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொன்னது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், நஷ்டஈடும் அவர் தலையில்.

2021 செப்டம்பரில்தான் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்கு விதிகள் வந்தன. வண்டியை ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ், உடைத்தபின் இன்னொன்று. முதல் சான்றிதழைக் காட்டிப் புதிய சொந்தக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் வழி செய்தார்கள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பழைய ரேஷன் கார்டுக்குக் கீழே அம்பாசிடரின் ஆர்.சி. புத்தகம். பெயர், கையெழுத்து, எஞ்சின் நம்பர், எல்லாம் அப்படியே. யாராவது அந்த வண்டியைத் தேற்றி ரோட்டில் விட்டிருந்தால்? விடவில்லை. அது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

"அதை மட்டும் வெச்சிரு, அப்பா கையெழுத்து இருக்கு" என்றாள் அம்மா. வைத்துவிட்டேன்.

உங்கள் ஊர் வீட்டிலும் தார்ப்பாய் போர்த்திய ஒரு வண்டி நிற்கலாம். அடுத்த லீவில் அதைக் கொடுத்துவிடுங்கள். லாரிச் செலவு யாருடையது என்று கேட்பதற்கு முன், எந்தச் சான்றிதழ் தருவீர்கள் என்று கேளுங்கள்.