முழங்கால் தசைநார் சீரமைப்பு அறுவை: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

செஞ்சி, விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே அமைந்த கோட்டை நகரம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து இக்கோட்டை கட்டப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. 1714இல் தேசிங்குராஜன் இங்கே போரிட்டு மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் கோட்டை சென்றது. 2025இல் மராட்டியர் கால ராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரமுடையது. உச்சிக்குச் செல்லும் கற்படிகள் பல இடங்களில் செங்குத்தாகவும் உயரம் சீரற்றும் இருக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் சோதிக்கப்படும். முழங்காலுக்குள் தசைநார் அறுந்த ஒருவர் சமதளத்தில் குறையேதுமின்றி நடக்கலாம். படியிறங்கும்போதும் சட்டெனத் திரும்பும்போதும்தான் மூட்டு நழுவுவதை உணர்வார். ஊர்ப்பேச்சில் இதை ‘கால் மடங்குது’, ‘மூட்டு வெட்டுது’ என்பார்கள். இத்தகைய காலை மீண்டும் படியிறங்கவும் ஆடவும் தக்கதாக்கும் அறுவை சிகிச்சைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

தசைநாரும் ‘சவ்வு’ம்

தொடை எலும்பையும் கணுக்கால் நோக்கிச் செல்லும் பெரிய எலும்பையும் முழங்காலின் நடுவே இரண்டு தசைநார்கள் இணைக்கின்றன. ஒன்றையொன்று குறுக்காகக் கடப்பதால் இவை குறுக்குத் தசைநார்கள் எனப்படுகின்றன. முன்னுள்ளது முன் குறுக்குத் தசைநார். மருத்துவரும் விளையாட்டு வீரரும் இன்று ஏ.சி.எல். என்றே சொல்கின்றனர். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் இது தடுக்கிறது.

மக்கள் வழக்கில் இதற்குச் ‘சவ்வு’ அல்லது ‘ஜவ்வு’ என்று பெயர். மூட்டுக்குள் மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பான மெனிஸ்கஸும் அதே பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ‘சவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று கேட்டு வீடு திரும்பும் பலருக்குக் கிழிந்தது எது என்பது தெரிவதில்லை. இது வெறும் சொற்குழப்பம் அன்று. இரண்டுக்கும் சிகிச்சை வேறு, காத்திருக்க வேண்டிய காலமும் வேறு. மேலும், தசைநார் எக்ஸ்ரே படத்தில் தெரியாது. ‘எலும்பு நல்லா இருக்கு’ என்ற ஒரு வரியை நம்பி மாதக்கணக்கில் ஆடிய பின்னர், மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்த நிலையில் மருத்துவமனைக்கு வருவோர் உண்டு. மருத்துவர் கையால் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனையில் இக்காயம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. படம் அதை உறுதிசெய்யும்.

கட்டு வைத்தியம்

சித்த மருத்துவத்தில் ஒடிவு முறிவு வைத்தியம் தனிப்பிரிவாக வளர்ந்தது. சிலம்பம், மற்போர் முதலியவற்றைக் கற்பித்த ஆசான்கள் காயத்துக்கு மருந்து கட்டவும் அறிந்திருந்தனர். செஞ்சிக் கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு அருகில் உடற்பயிற்சிக்கூடம் எனக் குறிக்கப்படும் கட்டடம் இன்றும் நிற்கிறது.

வட தமிழ்நாட்டில் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றது புத்தூர்க் கட்டு. இது ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள புத்தூரில் ஒரு குடும்பத்தார் வழிவழியாகச் செய்துவரும் முறை. மூலிகை, முட்டை வெண்கரு, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றால் கட்டுவது இதன் அடிப்படை. அதே பெயரில் பலகை மாட்டிய கடைகள் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் உள்ளன.

எலும்பு முறிவில் அசையாமல் கட்டுவது பயன்தரும், ஏனெனில் எலும்பு தானே கூடும் இயல்புடையது. முன் குறுக்குத் தசைநார் அப்படியன்று. அது மூட்டு நீரில் நனைந்தே இருப்பதால், அறுந்த முனைகளுக்கிடையே பாலம்போல் உறையவேண்டிய குருதி கரைந்துவிடுகிறது. முனைகள் சேர்வது அரிது. ஆறு வாரம் கட்டிவைத்தால் வலியும் வீக்கமும் அடங்கும். ஆனால் தொடைத் தசை மெலியும், அறுந்த நார் அறுந்தபடியே இருக்கும். இதற்காகக் கட்டு வைத்தியரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. மேலை நாட்டு அறுவை மருத்துவர்களும் 1980கள் வரை தசைநார் அறுவைக்குப் பின் காலை வாரக்கணக்கில் மாவுக்கட்டில் வைத்திருந்தவர்களே.

சுரங்கத் தொழிலாளியிலிருந்து துளை அறுவை வரை

1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர், நிலக்கரிச் சுரங்கத்தில் காயமுற்ற 41 வயதுத் தொழிலாளி ஒருவரின் அறுந்த குறுக்குத் தசைநார்கள் இரண்டையும் நூலால் தைத்தார். அந்தத் தொழிலாளி வேலைக்குத் திரும்பினார். எனினும் தைப்பது எல்லாருக்கும் பலிக்கவில்லை. அறுந்த நாரைத் தைக்காமல் வேறு நாரைக் கொண்டு புதிதாக அமைக்கலாம் என்ற வழியை 1917இல் காட்டியவர் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ். இவர் 1872இல் இந்தியாவில் பிறந்தவர். தொடையின் வெளிப்புறத்தில் உள்ள பட்டையான திசுவில் ஒரு கீற்றை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, பழைய நார் சென்ற தடத்திலேயே செலுத்தினார். இன்றைய அறுவையின் அடிப்படையும் இதுவே. ஆனால் அவர் காட்டிய வழி அரை நூற்றாண்டுக்கு மேல் பரவலாகப் பின்பற்றப்படவில்லை.

1963இல் கென்னத் ஜோன்ஸ் முழங்கால் சில்லின் தசைநாணைப் பயன்படுத்தினார். பின்னர் தொடையின் பின்புறத்து ஹாம்ஸ்ட்ரிங் தசைநாண்களை எடுத்து மடித்து வைக்கும் முறையும் வந்தது. இவ்விரண்டும் இன்றும் நடப்பில் உள்ளன.

மூட்டைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் முயற்சி ஜப்பானில் தொடங்கியது. 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை இறந்தவர் உடலின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வதனபே அக்கருவியை மேம்படுத்தி, 1962இல் துளை வழியாகவே மெனிஸ்கஸின் கிழிந்த பகுதியை அகற்றினார். 1980இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் மருத்துவமனையில் டேவிட் டேண்டி துளைவழித் தசைநார் சீரமைப்பைச் செய்தார். அவர் வைத்தது செயற்கை இழை. செயற்கை இழைகள் காலப்போக்கில் நைந்தும் மூட்டை உறுத்தியும் தோல்வி கண்டன. துளைவழி முறை மட்டும் நிலைத்தது.

வேலூரின் பங்கு

முழங்காலோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், தசைநாண் அறுவையும் உடற்பயிற்சி மருத்துவமும் கைகோத்த வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு 1940களின் இறுதியில் தசைநாண் மாற்று அறுவையைத் தொடங்கினார். அறுவைக்கு முன்பே நோயாளிக்குப் பயிற்சி அளிக்கவேண்டும், பின்னர் இடம்மாறிய தசைக்கு அதன் புதிய வேலையைக் கற்பிக்கவேண்டும் என்பது அப்பணியில் தெளிவானது. அவரிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரியில், 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் உள்ளது. 2010இல் விழுப்புரத்துக்கு அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், வட்டாரத்து மக்கள் எலும்பு மூட்டுச் சிகிச்சைக்குச் சென்னைவரை போகவேண்டிய தேவை குறைந்தது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடைபெறும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் அறுவைச் செலவைப் பெருமளவு ஏற்றன.

செலவின் மறுபாதி காப்பீட்டில் வருவதில்லை. நாற்று நடவும் மூட்டை தூக்கவும் வேண்டிய ஒருவர் மாதக்கணக்கில் வேலையிழப்பதும், வாரந்தோறும் பயிற்சிக்காகப் பேருந்தேறி நகரத்துக்குப் போய்வருவதும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. அறுவை செய்துகொண்டும் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் பலருக்கு மனவுறுதிக் குறைவைவிட இதுவே காரணம்.

கபடியும் முழங்காலும்

பொங்கலையொட்டி இவ்வட்டாரத்து ஊர்களில் நடக்கும் விளையாட்டுகளுள் சடுகுடு எனப்பட்ட கபடி முதன்மையானது. பாடிச் செல்பவர் ஒற்றைக் காலில் ஊன்றித் திரும்பும்போதும், பிடிப்பவர்கள் கணுக்காலையோ தொடையையோ பற்றி நிறுத்த மேலுடல் மட்டும் திருகும்போதும் முன் குறுக்குத் தசைநார் அறுகிறது. பலருக்கு அந்தக் கணத்தில் ‘டப்’ என்ற ஒலி கேட்கும். சில மணி நேரத்தில் மூட்டு வீங்கும்.

2022 அக்டோபரில் புரோ கபடி லீக்கின் ஒன்பதாம் பருவம் தொடங்கியபோது, 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுக்கப்பட்ட பவன் செராவத் தமிழ் தலைவாஸ் அணிக்காகத் தம் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்றுத் தூக்கிச் செல்லப்பட்டார். அப்பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருந்த முன்னணி வீரருக்கே பல மாதங்கள் தேவைப்பட்டன என்பதை ஊர்க்குழுக்கள் கவனிக்கவேண்டும். பெண் வீரர்களுக்கு இக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஒரே ஆட்டத்தில் ஆண்களைவிட இருமடங்குக்கும் அதிகம் எனக் கால்பந்து, கூடைப்பந்து ஆய்வுகள் காட்டுகின்றன.

அறுவைக்கு முன்

அறுந்தவுடன் அறுவை என்ற பழைய வழக்கம் 1990களில் மாறியது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவர் டொனால்ட் ஷெல்போர்ன், காயமுற்ற முதல் வாரத்தில் அறுவை செய்தோருக்கு மூட்டு இறுகிப்போவது மூன்று வாரம் காத்திருந்தோரைவிட அதிகம் என 1991இல் எடுத்துக்காட்டினார். எனவே வீக்கம் வடிவதும், கால் முழுதாக நீள்வதும், தொடையின் முன்தசை வலுப்பெறுவதும் முதலில் நடக்கவேண்டும். முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, காலை நேராக நீட்டி உயர்த்துவது ஆகிய எளிய பயிற்சிகளே இக்காலத்தில் தரப்படுகின்றன. புகைப்பதை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் இதில் அடங்கும்.

வீட்டையும் ஆயத்தப்படுத்தவேண்டும். தரையில் உட்கார்ந்து உண்பதும் குந்தும் கழிப்பறையும் வழக்கமான வீடுகளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நாற்காலிக் கழிப்பறை இல்லையெனில் நடுவே துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி உதவும். கட்டிலைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

எல்லாருக்கும் அறுவை தேவையா என்ற கேள்விக்கு 2010இல் சுவீடன் ஆய்வொன்று விடை தேடியது. இளம் வயதினர் 121 பேரில் ஒரு பிரிவினருக்கு உடனே அறுவையும் மறுபிரிவினருக்குப் பயிற்சியும் தரப்பட்டன. பயிற்சி பெற்றோர் பின்னர் தேவையானால் அறுவை செய்துகொள்ளலாம். இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் அதுவரை அறுவையின்றியே இருந்தனர். மூட்டு நழுவாத, திரும்பித் திரும்பி ஓடும் ஆட்டம் ஆடாத ஒருவர் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ள இது இடமளிக்கிறது.

அறுவைக்குப் பின்

பெரும்பாலும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டு, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் அறுவை முடிகிறது. அன்றோ மறுநாளோ ஊன்றுகோலுடன் நடக்கவைப்பார்கள். முதல் இரு வாரங்களின் குறிக்கோள், கால் முழுதாக நீள்வதும் 90 பாகை வரை மடங்குவதும்தான். தலையணையை முழங்காலுக்கு அடியில் வைத்துப் படுப்பது இதமாக இருக்கும், ஆனால் காலை நீளவிடாது; குதிகாலுக்கு அடியில்தான் வைக்கவேண்டும்.

பலரும் இடறுவது மூன்றாம் மாதத்தில். வலி போய்விடும், நடை சீராகும், ஆடலாம் என்று தோன்றும். வைக்கப்பட்ட தசைநாண் அப்போது உள்ளுக்குள் வலுக்குறைந்த நிலையில் இருக்கிறது. பழைய செல்கள் அழிந்து, புதிய குருதி நாளங்கள் புகுந்து, அது தசைநாராக மாறப் பல மாதங்கள் ஆகும். ஓட்டம் மூன்று நான்கு மாதங்களுக்குப் பின்பே தொடங்குகிறது. 2016இல் வெளியான நார்வே, அமெரிக்கக் கூட்டாய்வு, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைச் சுமார் பாதியாகக் குறைப்பதாகக் கண்டது. காயமுற்ற காலின் தொடைத் தசை மறுகாலின் வலுவில் 90 விழுக்காட்டையாவது எட்டவேண்டும் என்பது இன்று பரவலான அளவுகோல்.

பயிற்சியில் படி ஏறுவது முன்னரும், படி இறங்குவது பின்னரும் வரும். உடல் எடையைத் தாங்கியபடி முழங்கால் மெல்ல மடங்கத் தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கவேண்டும். அறுவைக்குப் பின் கடைசியாகத் திரும்பும் வலுக்களுள் இதுவும் ஒன்று. ராஜகிரி போன்ற செங்குத்தான கற்படிகளுக்கு அதற்கும் பின்னரே முறை. இருபத்தைந்து வயதுக்குட்பட்டு மீண்டும் ஆட்டத்துக்குத் திரும்பியோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டாம் முறை தசைநார் அறுவதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று சொல்கிறது. அது சில வேளை அறுவை செய்த காலில், சில வேளை அதுவரை நன்றாயிருந்த மறுகாலில்.