கல்லில் திரும்பிய வீரர்கள்: கிரேக்கக் காவியப் பயணமும் கங்க நாட்டு நடுகல்லும்

பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூரிலிருந்து கொண்டுவரப்பட்ட கல் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் ஒன்றையொன்று கவ்விப் பொருதுகின்றன. அவற்றைச் சூழ்ந்து பழைய கன்னட எழுத்துகள் நெருக்கமாக ஓடுகின்றன. கல் எழுந்தது 949-50இல். கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் சோழருக்கு எதிரான போரில் ஆற்றிய தீரத்தையும், என்ன வேண்டும் என்று அரசன் கேட்டபோது காளி என்ற வேட்டைநாயை அவன் கேட்டு வாங்கியதையும், அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு மோதித் தானும் மாய்ந்து பன்றியையும் மாய்த்ததையும் அது சொல்கிறது. களம் கண்டு பரிசோடு ஊர் திரும்பும் வீரன் என்ற கதைப்பொருளைக் கிரேக்கர்கள் ஏறத்தாழ 12,000 அடிகள் கொண்ட ஒடிசியாக வளர்த்தார்கள். தென்னிந்தியாவில் அதே பொருள் ஒரு பலகைக் கல்லில் அடங்கியது. காவியம் பாடும் ஆற்றல் இங்கே இல்லாமல் போனது இதற்குக் காரணம் அல்ல. வீரனின் பயணத்தைச் சொல்லும் பொறுப்பு கிரேக்கத்தில் பாட்டிடம் சேர்ந்தது. இங்கே அது படிப்படியாகக் கல்லிடம் சேர்ந்தது. அந்தப் படிகளைத் தடம் பிடிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹோமரின் உலகில் வீரனுக்கு இரண்டு வழிகள் உண்டு. இலியட் ஒன்பதாம் பாகத்தில் அக்கிலீஸ் தன் முன் இருக்கும் தேர்வைத் தானே சொல்கிறான்: டிராயில் நின்று போரிட்டால் வீடு திரும்ப முடியாது, ஆனால் புகழ் அழியாது, திரும்பினால் நெடுநாள் வாழலாம், புகழ் போய்விடும். ஒடிசியஸ் வீடு திரும்பியும் புகழ் பெற்றான் என்றால், அந்தத் திரும்பலே பாட்டானதுதான் காரணம். இந்த இரு காவியங்களிலும் கல் இல்லாமல் இல்லை. மாண்ட சார்பெடானின் உடல் அவன் சொந்த நாடான லிசியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, மேடும் கல்லும் எழுப்பப்பட வேண்டும் என்பது தேவர்களின் ஏற்பாடு. தன் கையால் மடியப்போகிறவனின் சமாதியைக் கடலில் போகிறவர்கள் பார்த்துத் தன் பெயரைச் சொல்வார்கள் என்று ஹெக்டர் பெருமை பேசுகிறான். ஆனால் கவிஞன் கல்லை முழுக்க நம்பவில்லை. பட்ரோக்ளஸின் ஈமப் போட்டிகளுக்கு முன் நெஸ்டர் தன் மகனுக்குத் தேர் திரும்பும் கம்பத்தைக் காட்டும்போது, அது என்றோ இறந்த ஒருவனின் அடையாளமாக இருக்கலாம், அல்லது பழையவர்கள் நட்ட பந்தய எல்லையாகவே இருக்கலாம் என்கிறான். பாடுவாரில்லாத கல் பெயரிழந்து போகும் என்பது அங்கே அழுத்தமாகச் சொல்லப்படாமலே சொல்லப்படுகிறது. கிரேக்க ஊர்களில் வீரர்களுக்குச் சமாதி வழிபாடு இருந்தும் காவியம் அதைப் பின்னுக்குத் தள்ளுவதற்கு கிரெகரி நாகி ஒரு விளக்கம் தந்திருக்கிறார்: வழிபாடு ஓர் ஊருக்கு உரியது, காவியம் எல்லாக் கிரேக்கருக்கும் உரியது. ஊர் ஊராகப் போகும் பாடகனுக்கு ஓரிடத்தில் ஊன்றிய கல் உதவாது.

தமிழில் இந்த உறவு வேறு மாதிரி அமைந்தது. பாணனும் பொருநனும் கூத்தனும் இங்கேயும் ஊர் ஊராகத் திரிந்தவர்கள்தாம். ஆனால் பத்துப்பாட்டில் பயணத்தை நீளப் பாடும் ஆற்றுப்படைகளில் நடப்பவன் வீரன் அல்ல, பரிசில் தேடும் கலைஞன். (திருமுருகாற்றுப்படை பக்திப் பயணம், அதை இங்கே தள்ளிவைக்கலாம்.) வீரன் தன் ஊரில் வீற்றிருக்கிறான், வழி, மலை, ஆறு, வழியில் கிடைக்கும் உணவு எல்லாம் பாணனுக்கு. ஃபேசிய அரசவையில் ஒடிசியஸ் தன் அலைச்சலைத் தானே சொல்ல, அரசன் அவனைப் பாடகனுக்கு ஒப்பிடுகிறான். கிரேக்கக் காவியம் ஓர் ஆளில் சேர்த்துவைத்த அந்த இருவரைத் தமிழ் மரபு பிரித்து நிறுத்தியது. இதில் மலைபடுகடாம் தனிக் கவனம் கோருவது. 583 அடிகள் கொண்ட இப்பாட்டில் பெருங்கௌசிகனார் கூத்தரைச் செங்கண்மா என்னும் ஊரில் இருக்கும் நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறார். வழியில் நடுகற்கள் வரும், இசைத்து வணங்கிவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லும் இடம், பாட்டும் கல்லும் ஒன்றையொன்று அறிந்து நடந்துகொண்டதற்கு நேரடிச் சான்று. நெஸ்டரின் கம்பத்துக்கு இது நேர் எதிர். செங்கண்மா இன்றைய செங்கம், இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் வெளிவந்த ‘செங்கம் நடுகற்கள்’ அதே வட்டாரத்துக் கற்களைப் பற்றியது. பாட்டு காட்டிய வழக்கம் பல நூற்றாண்டு கழித்தும் அம்மண்ணில் தொடர்ந்தது.

க. கைலாசபதி ஜார்ஜ் தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்வு செய்து, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வாய்மொழிக் காவியத்தோடு ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டின் பெறுமதி இன்னும் குறையவில்லை. சங்கப் பாடல்கள் வாய்மொழிப் பாணர் மரபின் நேர்ப்பதிவு அல்ல, பிற்காலப் புலவர் பாணரைப் பாத்திரமாக்கிச் செய்த இலக்கியம் என்று ஹெர்மன் டீக்கன் 2001இல் மறுத்தார். அவருடைய காலக்கணிப்பை நான் ஏற்கவில்லை. எனினும் அவர் கேள்வியின் ஒரு பகுதி நிற்கிறது: பாட்டை மட்டும் வைத்து வீரயுகத்தை நிறுவினால் அது வட்டத்துக்குள் சுற்றும் வாதம் ஆகிவிடும். கைலாசபதி எழுதியபோது செங்கம் கற்கள் நூலாகவில்லை. ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் தமிழி எழுத்தோடு கூடிய நடுகற்கள் கிடைத்தது 2006இல்தான். அவற்றில் ஒன்று ஆநிரை கவர்தல் தொடர்பாக இறந்தவனுக்கு எழுந்தது. பாட்டில் உள்ள வெட்சி, அதாவது ஆநிரை கவர்தல், வெறும் இலக்கிய மரபு என்ற ஐயத்தைப் பாட்டுக்கு வெளியே நிற்கும் அந்தக் கல் பெருமளவு தீர்த்துவைக்கிறது.

கல்லும் காவியமும் முழுதாகக் கைகோத்த இடம் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுக்கும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்ற ஆறு நிலைகளில் பெரும்பாலானவை அக்காண்டத்தில் காதைகளின் பெயராகவே வருகின்றன. செங்குட்டுவன் இமயம் போவது மண்ணுக்காக அல்ல, கண்ணகிக்குக் கல் எடுக்க. எடுத்த கல்லைக் கனக விசயரின் தலையில் ஏற்றி, கங்கையில் நீராட்டி, வஞ்சியை விட்டுப் புறப்பட்ட 32 மாதங்களுக்குப் பின் திரும்புகிறான். தமிழ்க் காவியத்தின் மிகப் பெரிய படைப்பயணம் ஒரு நடுகல் சடங்கின் எலும்புக்கூட்டின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. அக்கல் ஒரு பெண்ணுக்கு உரியது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஹெலனுக்கும் பெனலோப்பிக்கும் ஹோமர் இப்படி ஒரு பயணத்தை நேர்ந்துவிடவில்லை.

இதற்குப் பின் பேச்சு கல்லின் பக்கம் போகிறது. செங்கம் வட்டாரத்து எடத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்திக்கு எழுந்தது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரும் அதில் உண்டு. ஆட்சியாண்டு, ஆள், நிகழ்ச்சி என்று மூன்றும் சேர்ந்துவிட்டாலும் எழுத்து இன்னும் சில வரிகள்தான். பெங்களூரு ஹெப்பாளில் 2018இல் கண்டெடுக்கப்பட்ட சுமார் 750ஆம் ஆண்டுக் கல், கங்க அரசன் ஸ்ரீபுருஷன் காலத்தில் இரட்டவாடிப் படை வந்தபோது போரிட்டு மடிந்த கிட்டய்யாவைக் குறிக்கிறது. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள சுமார் 890ஆம் ஆண்டுக் கல்வெட்டு, நாகத்தரனைச் சார்ந்த ஒருவர் பெங்களூருப் போரில் இறந்ததைப் பதிகிறது. இம்மாநகரின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய எழுத்துச் சான்று இப்படி ஒரு சாவுச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அருங்காட்சியகத்திலுள்ள மற்றொரு பேகூர்க் கல்லோ கதையாகவே விரிகிறது: வீரமகேந்திரனை எதிர்க்கும் அய்யபதேவனுக்கு உதவியாகக் கங்க அரசன் எரெயப்பன் நாகத்தரனைப் படையோடு அனுப்ப, தும்பெபாடியில் அவன் விழுகிறான், செய்தி கேட்ட அரசன் இருகன் என்பவனுக்கு நாகத்தரன் என்ற பட்டத்தைக் கட்டி, பேகூரைச் சூழ்ந்த பன்னிரண்டு ஊர்களைக் கொடுக்கிறான். ஏவல், பயணம், மோதல், சாவு, செய்தி வருதல், உரிமை கைமாறுதல் என ஒரு காவியக் காண்டத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் வந்துவிட்டன.

இப்படிக் கல் நீண்டதற்குக் காரணம் நிலம். வீரனின் குடும்பத்துக்கு விட்ட மானியத்தை உதிரப்பட்டி என்று தமிழகக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கங்க நாட்டில் அது கல்நாடு. யார் அனுப்பி, எங்கே போய், யாரோடு பொருது இறந்தான் என்று தெளிவாகச் சொன்னால்தான் அடுத்த தலைமுறை அந்த நிலத்தில் கால் ஊன்றி நிற்க முடியும். பட்டாவில் எல்லை எழுதுவதுபோல் கல்லில் கதை எழுதினார்கள். இதையும் ஹோமர் அறியாதவர் அல்லர். சாந்தஸ் ஆற்றங்கரையில் நல்ல நிலம் நமக்கு எதற்காகத் தரப்பட்டது, முன்வரிசையில் நிற்கத்தானே என்று சார்பெடான் கிளாக்கஸிடம் கேட்பது இதே கணக்குத்தான். அங்கே அது ஒரு பேச்சாக நின்றது; இங்கே உறுதி ஆவணமாயிற்று.

ஆவணத்தைக் காவியத்தோடு ஒப்பிடுவது பொருந்துமா என்று கேட்கலாம். தமிழ்ப் பாட்டையும் கன்னடக் கல்லையும் ஒரே மரபாகக் கோப்பது சரியா என்பது அடுத்த தடை. இரண்டாவதற்கு விடை எளிது: தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வட்டெழுத்துத் தமிழ்க் கற்களும் கன்னடக் கற்களும் ஒரே நிலப்பரப்பில் நிற்கின்றன. நடும் சடங்குக்கு மொழி எல்லை இருக்கவில்லை. முதல் தடை கனமானது. கல்லில் அக்கிலீஸின் சினத்துக்கு இடமில்லை, ஐயமும் அழுகையும் இல்லை. வீரனின் மனத்தைக் கல் திறப்பதே இல்லை. இந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஹோமர் மறுத்த ஒன்றைக் கல் கொடுத்தது. ஹேடிஸில் அக்கிலீஸ் ஒடிசியஸிடம், செத்தவர்களுக்கெல்லாம் அரசனாய் இருப்பதைவிட நிலமில்லாத ஒருவனிடம் கூலியாளாய் இருப்பதே மேல் என்கிறான். கர்நாடகத்து மூன்றடுக்கு வீரக்கற்களில் கீழே போர், நடுவில் தேவமகளிர் வீரனைத் தாங்கிச் செல்லும் காட்சி, மேலே சிவலிங்கத்தின் முன் அவன் அமர்ந்த நிலை. புறப்பாடு, திரும்புதல் என்ற இரண்டுக்கும் மேலாக மூன்றாவது பயணம் ஒன்றை எழுத்தில்லாதவரும் கண்ணால் படிக்க முடிந்தது.

கல் உண்மையைத்தான் பேசும் என்று கொள்வதற்கும் இடமில்லை. ஆதகூர்க் கல் சொல்லும் போர், அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்தது. சோழ இளவரசன் இராஜாதித்தனைப் பூதுகன் யானையின் அம்பாரியையே களமாக்கிக் குத்திக் கொன்றதாக அக்கல் கூறுகிறது. சோழர் தரப்பின் பெரிய லெய்டன் செப்பேடோ, பூதுகன் துணைநின்ற இராட்டிரகூட மன்னன் கிருஷ்ணனின் அம்பு மார்பில் பாய்ந்து இராஜாதித்தன் இறந்ததாகச் சொல்கிறது. ஆனைமேல் துஞ்சினவன் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன. பாட்டைப்போலவே கல்லும் தன் ஆளின் பக்கம் நின்றுதான் பேசியது.

ஆதகூர்க் கல்லின் அமைப்பில் இதைவிட விந்தையான ஒன்று உண்டு. பூதுகனுக்கு வனவாசிப் பன்னீராயிரம் முதலான நாடுகள். மணலேரனுக்கு ஆதகூர் உள்ளிட்ட ஊர்கள். செதுக்கிய உருவமோ காளிக்கு. ஒடிசியஸின் ஆர்கஸ் இருபது ஆண்டுக்குப் பின் எசமானின் குரலைக் கேட்டு வாலாட்டி, எருக்குவியலின்மேல் உயிர் விட்டது. ஒடிசியஸ் மறைத்துத் துடைத்த கண்ணீர் தவிர அதற்கு எதுவும் கிடைக்கவில்லை, பாட்டுத்தான் அதைக் காப்பாற்றியது. காளிக்குச் சல்லேசுவரர் கோயில் முன் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் கொரவர், அதாவது சைவப் பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் அந்த நாய் செய்த பாவமெல்லாம் அவரைச் சேரும் என்று கல்லிலேயே எழுதியும் வைத்தார்கள்.